தம்பி பையில பொட்டலம் இருந்துச்சு, போலீசுக்கு போறதா ஆஸ்பத்திரிக்கு போறதா?

கேள்வி:

டாக்டர், நான் பேரணாம்பட்டு பக்கம். ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை செய்றேன், அம்மா வீட்ல பீடி சுத்தறாங்க, அப்பா இல்ல. தம்பிக்கு 19 வயசு, காட்பாடி பக்கம் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறான், ஃபீஸ் நான்தான் கட்டறேன். போன மாசம் துணி துவைக்கலாம்னு அவன் பைய எடுத்தா உள்ள ஒரு சின்ன பொட்டலம் கஞ்சா, கூடவே பாதி காலியான வலி மாத்திரை அட்டை. கேட்டா "அது மூலிகைதானேக்கா, கனடாவுல கடையிலயே விக்கறாங்க, இங்க சட்டம்தான் தப்பு"ன்னு பெருசா பேசறான். மாமா "இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு கீற, புடிச்சி ஸ்டேஷன்ல குடு, ரெண்டு நாள் உள்ள இருந்தான்னாதான் புத்தி வரும்"ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சட்டம் இவ்ளோ கடுமையா இருந்தும் ஊருக்குள்ள கிடைக்குதே, அப்ப தடை எதுக்கு? தடைய எடுத்துட்டா இன்னும் எத்தன பசங்க கெட்டுப் போவாங்க? தம்பிய நான் என்ன பண்றது? பேர் போட வேணாம்.

பதில்:

ம்மா, கடிதத்துல நீங்க கஞ்சாவ பத்தி பத்து வரி எழுதிட்டு அந்த மாத்திரை அட்டைய ஒரு வார்த்தைல தாண்டிட்டீங்க, ஆனா எனக்கு படிச்சதும் பயம் வந்தது அந்த மாத்திரைய பாத்துதான், அதனால சட்டம் கிட்டம்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அத பாத்துடுவோம்.

அட்டைல என்ன பேர் போட்டிருக்குன்னு நீங்க எழுதல. டேபென்டடால் இல்ல டிராமடால்னு சின்ன எழுத்துல எங்கயாவது இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் கேன்சர்காரங்களுக்கும் டாக்டர் சீட்டு எழுதி குடுக்கற கடுமையான வலி மருந்து, வேலை செய்ற விதத்துல அபினி ஹெராயின் வகையறாவ சேர்ந்தது. பசங்க இத முதல்ல முழுங்கறாங்க, அது பத்தலன்னு ஆனதும் பொடி பண்ணி தண்ணில கரைச்சு ஊசில ஏத்திக்கறாங்க. மாத்திரைல மருந்து மட்டும் இல்லம்மா, அத கெட்டியா புடிச்சி வெக்க சேர்க்கற மாவு மாதிரி சாமான்லாம் இருக்கு, அது ரத்தத்துல கரையாது, ரத்தக்குழாய அடைக்கும், கை வீங்கி சீழ் புடிக்கும், சில சமயம் விரலயே எடுக்கற நிலைமை வரும். ஒரே ஊசிய நாலு பேர் மாத்தி போட்டா எச்ஐவி, மஞ்சக்காமாலை சி வகை ரெண்டும் வரும். எல்லாத்த விட பெருசு என்னன்னா அளவு கொஞ்சம் கூடினா, இல்ல அதுமேல குடியும் சேர்ந்தா, மூச்சு மெதுவாகி மெதுவாகி நின்னுடும். கஞ்சாவுல அந்த மாதிரி மூச்சு நின்னு சாகறது கிடையாது, இதுல உண்டு, அதனால ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சி பேசவே கூடாது.

தம்பிய சும்மா கவனிங்க, துப்பறியற மாதிரி இல்லாம அக்காவா கவனிங்க. வேலூர் வெயில்ல வீட்டுக்குள்ளயும் முழுக்கை சட்டையே போட்டுட்டு சுத்தறானா, கண்ணுல பாப்பா ஊசி முனை மாதிரி சின்னதாகுதா, உக்காந்த இடத்துலயே தலை தொங்குதா, உடம்ப சொறிஞ்சிக்கிட்டே இருக்கானா, ரெண்டு நாள் வெளிய போகலைன்னா மூக்கு ஒழுகி வயித்தால போயி உடம்பெல்லாம் வலிக்குதுன்னு புரண்டு புரண்டு படுக்கறானா? இதுல ரெண்டு மூணு இருந்தா ஒரு வாரம் கூட தள்ளிப் போடாதீங்க. என்னைக்காவது எழுப்பினா எழுந்திரிக்காம, உதடு நீலம் பாரிச்சு, மூச்சு விட்டு விட்டு வந்தா, பக்கத்து வீட்டுக்கு தெரிஞ்சிடுமேன்னு யோசிக்காம 108-க்கு போன் பண்ணுங்க, ஆளு வர்ற வரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, மல்லாக்க படுக்க வெச்சா வாந்தி எடுத்து அதுவே தொண்டைய அடைச்சிடும். என்ன போட்டான்னு ஆஸ்பத்திரில ஒளிக்காம சொல்லுங்க, மூச்ச திரும்ப கொண்டு வர்ற மருந்து நாலாக்ஸோன்னு ஒண்ணு இருக்கு, ஆனா என்ன போட்டான்னு டாக்டருக்கு தெரிஞ்சாதான் அத உடனே போடுவாங்க.

அவன் ஊசிக்கு போகாம எப்பவாவது ஒரு மாத்திரை போட்டு பாத்திருக்கலாம், ஃப்ரெண்டோடதா கூட இருக்கலாம். இருக்கட்டும். ஆனா அத தெரிஞ்சிக்கணும், தெரிஞ்சிக்கற வழி ஸ்டேஷன் கிடையாது.

மாமா விஷயத்துக்கு வர்றேன். அவரு கெட்டது நினைச்சு சொல்லல, நம்ம பக்கத்துல நிறைய பெரியவங்க இப்படித்தான் சொல்றாங்க, அடி விழுந்தா பயம் வரும் பயம் வந்தா நிறுத்திடுவான்னு ஒரு நம்பிக்கை. ஆனா 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல, அதான் என்டிபிஎஸ்னு சொல்றாங்களே அதுல, "ரெண்டு நாள் வெச்சிட்டு விட்டுடறது"ன்னு ஒண்ணு கிடையாதும்மா. கஞ்சா குடிச்சதுக்கு மட்டும்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். கைல சின்ன அளவு வெச்சிருந்தான்னு போட்டா 1 வருஷம் வரைக்கும். கோர்ட்ல ஃபைனோட முடிஞ்சாலும் கேஸ்னு ஒண்ணு பதிவாயிடுச்சுன்னா அது பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்ல வரும், கவர்மென்ட் வேலைக்கு போலீஸ் விசாரிக்கறப்போ வரும், கேம்பஸ் இன்டர்வியூல எடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக் பண்றப்போவும் வரும். நீங்க ஓவர்டைம் பாத்து ஃபீஸ் கட்டறது எதுக்காகவோ அதையே வெட்டற மாதிரி ஆயிடும். உள்ள போனா புத்தி வருமான்னு கேட்டீங்கன்னா, தொரப்பாடி ஜெயிலுக்கு போயிட்டு வந்த பசங்கள நான் ஓபில பாத்திருக்கேன், பொட்டலம் வாங்கற இடம் ஒண்ணு மட்டும் தெரிஞ்சு உள்ள போனவன் நாலு மொத்த வியாபாரிய பழகிட்டு வெளிய வர்றான். மருந்து நின்னதால வர்ற உடம்பு வேதனைக்கு அங்க யாரும் பக்கத்துல உக்காந்து பாத்துக்க மாட்டாங்க.

ஆனா இதே சட்டத்துல யாருமே சொல்லாத ஒரு பிரிவு இருக்கு, 64ஏ. போதைக்கு அடிமையான ஒருத்தர் மேல குடிச்சதுக்காகவோ சின்ன அளவு வெச்சிருந்ததுக்காகவோ கேஸ் வந்தாலும், அவரு தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரிலயோ அரசு அங்கீகாரம் குடுத்த இடத்துலயோ சிகிச்சை எடுத்துக்கிட்டா அந்த கேஸ்ல இருந்து பாதுகாப்பு உண்டு. நடுவுல சிகிச்சைய விட்டா பாதுகாப்பும் போயிடும். 39-வது பிரிவுன்னு இன்னொண்ணு, அதுல தண்டனை குடுக்கறதுக்கு பதிலா சிகிச்சைக்கு அனுப்பற அதிகாரம் கோர்ட்டுக்கே இருக்கு. இத்தன வருஷமா இருக்கற பிரிவு, ஆனா பிடிபட்ட பசங்களோட அப்பா அம்மாகிட்ட கேட்டா நூத்துல ஒருத்தருக்கு கூட தெரியாது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஒவ்வொரு ஸ்டேஷன் வாசல்லயும் ஒவ்வொரு காலேஜ் நோட்டீஸ் போர்டுலயும் எழுதி வெக்க வேண்டிய விஷயம் இது. இதுலயும் ஒரு கோணல் இருக்கு பாருங்க, அடிமையானவனுக்குத்தான் 64ஏ, எப்பவாவது ஒரு தடவ இழுத்த பையனுக்கு அந்த பாதுகாப்பு கிடையாது. அதிகமா மாட்டிக்கிட்டவனுக்கு ஆஸ்பத்திரி, ஆரம்பத்துல நிக்கறவனுக்கு கோர்ட். ஆரம்பத்துல இருக்கறவன்கிட்டதான் நாலு வார்த்தை பேசினாலே திரும்பிடுவான், அவனுக்குத்தான் நாம கேஸ் போடறோம்.

தம்பிகிட்ட நீங்க கண்டிப்பா சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கு, இத உரக்க சொல்லுங்க. காட்பாடி ஜங்ஷன்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது பேப்பர்ல வருதே, ஆந்திரா ஒடிசா பார்டர்ல இருந்து வர்ற ரயில்ல சீட்டுக்கு அடியில ஆளில்லாத பைல கஞ்சான்னு, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்ல பஸ்ல புடிச்சாங்கன்னு. அந்த பைய தூக்கறது பெரும்பாலும் பெரிய வியாபாரி இல்ல, கைல காசில்லாத காலேஜ் பையனும் வேலையில்லாத பையனும்தான். "ஒரு ட்ரிப் போயிட்டு வா, போக வர டிக்கெட் போட்டு தர்றேன், கைல அஞ்சாயிரம்"னு ஆரம்பிப்பாங்க. கஞ்சாவுல 1 கிலோ வரைக்கும்தான் சின்ன அளவு. அத தாண்டினா 10 வருஷம் வரைக்கும் போகலாம், 20 கிலோவுக்கு மேல போனா குறைஞ்சதே 10 வருஷம், 20 வருஷம் வரைக்கும், ஃபைன் 1 லட்சத்துல இருந்து 2 லட்சம், அந்த அளவுக்கு ஜாமீன் கிடைக்கறது குதிரைக் கொம்பு, ஏன்னா இவன் குற்றவாளி இல்லன்னு கோர்ட்டே நம்பறதுக்கு காரணம் இருந்தாதான் வெளிய விடணும்னு 37-வது பிரிவு சொல்லுது. பைல என்ன இருந்துச்சுன்னு எனக்கு தெரியாதுன்னு சொன்னா மத்த கேஸ்ல போலீஸ்தான் நிரூபிக்கணும், இந்த சட்டத்துல தெரியாதுன்னு அவன்தான் நிரூபிக்கணும். ஃப்ரெண்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கி குடுத்தேன்னு சாதாரணமா சொல்வாங்க, சட்டத்துல அது குடிக்கறது இல்ல, கை மாத்தறது. திரும்பத் திரும்ப விக்கறவங்கள குண்டாஸ்ல போட்டு ஒரு வருஷம் உள்ள வெக்கறதும் நம்ம மாவட்டத்துல நடந்துக்கிட்டுதான் இருக்கு. சட்டம் தப்புன்னு வாதாடறது அவன் உரிமை, தாராளமா வாதாடட்டும், ஆனா இன்னைக்கு இருக்கற சட்டம் இன்னைக்கு அவன் மேல பாயும், அந்த பயம் அவனுக்கு இருந்தே ஆகணும்.

இப்ப நீங்க கேட்ட பெரிய கேள்வி, தடை வேணுமா வேணாமா.

தம்பி சொல்றதுல பாதி உண்மை இருக்கும்மா, அத ஒத்துக்கிட்டு பேசினாதான் அவன் உங்க பேச்ச கேப்பான். 1893-94-ல வெள்ளக்காரன் கஞ்சாவ பத்தி விசாரிக்க ஒரு கமிஷனே போட்டான், நாடு முழுக்க சாட்சி கேட்டு, மிதமா எடுக்கறவங்களுக்கு பெரிய கெடுதல் தெரியல, முழுசா தடை பண்ண வேணாம், வரி போட்டு கட்டுப்படுத்துங்கன்னு அறிக்கை குடுத்தாங்க. 1985 வரைக்கும் பல மாநிலத்துல லைசென்ஸ் கடைல கஞ்சா வித்திருக்காங்க. 1961-ல ஐநா ஒப்பந்தம் ஒண்ணு வந்துச்சு, அதுல 25 வருஷத்துல நிறுத்தணும்னு கெடு, அந்த கெடு முடியற நேரத்துலதான் இந்த சட்டம் வந்துச்சு. இன்னைக்கும் அதே செடியோட இலைல அரைக்கற பாங்கு இந்த சட்டத்துல கஞ்சான்னு வராது, பூவும் காயும்தான் கஞ்சா. கனடாவுல 2018 அக்டோபர்ல இருந்து கடைல விக்கறாங்க, அதுவும் உண்மைதான்.

அவன் விட்ட மிச்ச பாதிய நான் சொல்றேன். கனடாவுல வயசு வரம்பு இருக்கு, பாக்கெட் மேல டிஎச்சி எவ்வளவுன்னு, அதான் போதை ஏத்தற சரக்கு, அச்சடிச்சிருக்கும். நம்ம ஊர் பொட்டலத்துல எந்த ஊர் சரக்கு, எவ்வளவு பழசு, என்ன கலந்திருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. தாய்லாந்துல 2022 ஜூன்ல கஞ்சாவ போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, தெருவுக்கு தெரு கடை வந்துச்சு, மூணு வருஷத்துல 2025 ஜூன்ல டாக்டர் சீட்டு இல்லாம பூ விக்கக்கூடாதுன்னு திரும்ப கட்டினாங்க. கமிஷன் அறிக்கை எழுதின காலத்துல மூளை வளர்ச்சிய பத்தி இன்னைக்கு தெரிஞ்சது யாருக்கும் தெரியாது. மூளை முழுசா முதிர்றது 25 வயசு வாக்குல. கஞ்சா எடுக்கறவங்கள்ல பத்துல ஒருத்தர் வாக்குல அடிமையாகறாங்க, டீன் ஏஜ்ல ஆரம்பிச்சவங்கள்ல ஆறுல ஒருத்தர்னு மருத்துவத்துல சொல்ற கணக்கு. நான் கவலைப்படறது இன்னொண்ணுக்கு, காதுல குரல் கேக்குது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க, அம்மா சாப்பாட்டுல எதயோ கலக்கறாங்கன்னு 19, 20 வயசுல வர்ற பசங்க. குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருந்தா கஞ்சா அத சீக்கிரமா வெளிய இழுத்துட்டு வந்துடும், தினமும் எடுத்தா ஆபத்து இன்னும் ஜாஸ்தி. உங்க குடும்பத்துல அப்பா வழிலயோ அம்மா வழிலயோ யாராவது இருந்தாங்களான்னு அம்மாகிட்ட தனியா கேளுங்க, அத எங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

சரி, கடுமையா தடை பண்ணா நின்னுடுமா? இதுக்கு கனடா வரைக்கும் போக வேணாம், நம்ம ஊர் கதையே போதும். ராஜாஜி 1937-ல சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்தாரு, 1938-ல சித்தூரும் கடப்பாவும், 1939-ல நம்ம வடாற்காடு. இந்தியாவுலயே முதல் முதல்ல மதுவிலக்கு பாத்த மாவட்டங்கள்ல நம்மளுது ஒண்ணு. அதுக்கப்புறம் எடுத்தாங்க, போட்டாங்க, 1971-ல திறந்தாங்க, மறுபடி மூடினாங்க, மறுபடி திறந்தாங்க. இத்தனைக்கும் நடுவுல மலைல சாராயம் காய்ச்சறது ஒரு தலைமுறைல இருந்து அடுத்த தலைமுறைக்கு தொழிலாவே போச்சு, இன்னைக்கும் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலைல ஊறல அழிச்சோம்னு போலீஸ் சொல்றத படிச்சிக்கிட்டுதான் இருக்கோம். மாத்திரை கதையும் இப்படித்தான், 2018-ல டிராமடால என்டிபிஎஸ்-க்குள்ள கொண்டு வந்து கட்டினாங்க, கூட்டம் அதே வேலைய செய்ற டேபென்டடாலுக்கு நகர்ந்துச்சு. தடை பண்ணா சரக்கு காணாம போறதில்ல, இன்னொரு ரூபத்துல வருது, அந்த ரூபம் பல நேரம் முதல்ல இருந்தத விட மோசமா இருக்கு.

அப்ப திறந்து விட்டுடலாமா? அதுக்கும் பதில் நம்ம ஊர்லயே இருக்கு. மதுவ சட்டப்படி விக்கறோம், அரசாங்கமே கடை வெச்சிருக்கு, 2023-24-ல மட்டும் டாஸ்மாக் வருமானம் 45,000 கோடிக்கு மேல. சட்டப்படி கடை இருந்தா கள்ளச்சாராயம் ஒழியும்னுதான் காரணம் சொன்னாங்க, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில கடை திறந்திருக்கறப்பவே மெத்தனால் கலந்த சாராயத்த குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, ஏன்னா அது கடை சரக்க விட விலை கம்மி, பகல் 12 மணிக்கு கடை திறக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். விக்கறது யாரா இருந்தாலும், அரசாங்கமோ கம்பெனியோ, கல்லா நிறையறது எப்பவாவது குடிக்கறவனால இல்ல, தினமும் குடிக்காம இருக்க முடியாதவனாலதான். கஞ்சாவுக்கும் அப்படி ஒரு கவுன்டர் திறந்தா, தினமும் வந்து நிக்கற 19 வயசு பையன்தான் அந்த கடைக்கு நல்ல கஸ்டமர் ஆவான். அந்த வருமானத்த பழகிக்கிட்ட அரசாங்கம் திரும்ப மூடறது எவ்வளவு கஷ்டம்னு நாம கண்ணால பாத்துக்கிட்டே இருக்கோம். ஆம்பூர்லயும் குடியாத்தத்துலயும் சம்பள நாள் சாயந்திரம் கடை முன்னாடி நிக்கற கூட்டத்த நீங்களே கம்பெனி பஸ் ஜன்னல்ல இருந்து பாத்திருப்பீங்க.

அதனால நான் எந்த பக்கம்னு தெளிவா சொல்லிடறேன். விக்கறது தடையாவே இருக்கணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, ஸ்கூல் வாசல்ல விக்கறவன், மாத்திரைய சீட்டு இல்லாம பெட்டி பெட்டியா தள்ளற மருந்துக்கடைக்காரன், பசங்க கைல பைய குடுத்து ரயில் ஏத்தறவன், இவங்கள எவ்வளவு கடுமையா புடிச்சாலும் சரி. ஆனா தன் உடம்புல ஏத்திக்கிட்டவன கிரிமினல் கேஸ்ல போடறத நிறுத்தணும். ரெண்டையும் பிரிச்சு வெக்கறது ஒண்ணும் கனவு இல்ல, போர்ச்சுகல்ல 2001-ல இருந்து அப்படித்தான் செய்றாங்க. விக்கறது அங்க இப்பவும் குற்றம்தான். பத்து நாளைக்கு தேவையான அளவுக்குள்ள கைல இருந்து பிடிபட்டா கோர்ட்டுக்கு அனுப்பாம, சட்டம் தெரிஞ்சவங்க, மருத்துவம் சமூகப்பணி தெரிஞ்சவங்கன்னு மூணு பேர் இருக்கற குழு முன்னாடி உக்கார வெச்சி பேசறாங்க, அடிமையாகிட்டான்னா சிகிச்சைக்கு அனுப்பறாங்க. ஊசி போடறவங்க கிட்ட புதுசா எச்ஐவி வர்றது அங்க பயங்கரமா குறைஞ்சுது.

ஆனா தம்பி இத கேட்டதும் "பாத்தியாக்கா"ன்னு குதிப்பான், அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து கதையையும் அவனுக்கு சொல்லிடுங்க. 2020-ல ஓட்டு போட்டு அதே மாதிரி கேஸ் வேணாம்னு மாத்தினாங்க. பிடிபட்டா 100 டாலர் ஃபைன் சீட்டு, ஒரு ஹாட்லைனுக்கு போன் பண்ணி பேசினா அந்த ஃபைனும் தள்ளுபடி. போன் பண்ணவங்க ரொம்ப ரொம்ப கம்மி. சிகிச்சைக்கு ஒதுக்கின பணம் போய் சேரவே தாமதம், அதே நேரத்துல ஃபென்டனில்னு கொடூரமான ஒரு சரக்கு ஊருக்குள்ள பரவிடுச்சு, ரோட்லயே உக்காந்து போட ஆரம்பிச்சாங்க, ஜனங்க பொறுமை போயி 2024 செப்டம்பர்ல திரும்ப குற்றமாக்கிட்டாங்க. சட்டத்த எடுத்தது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், ஒரு இடத்துல எடுத்த இடத்துல ஆளையும் டாக்டரையும் உக்கார வெச்சாங்க, இன்னொரு இடத்துல ஒரு போன் நம்பர வெச்சாங்க.

நம்ம நாட்டுல எய்ம்ஸ் டாக்டருங்க பண்ணி 2019-ல வந்த கணக்குல, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. சரக்கு சட்டப்படி விக்கற பொருள், குடிச்சா கேஸ் கிடையாது, அதுக்கே இந்த கதி. அதனால சட்டத்துல இருந்து நாளைக்கே அந்த பிரிவ எடுத்தாலும் பேரணாம்பட்டுல இருந்து ஒரு பையன் சிகிச்சைக்கு பஸ் ஏறணும்னா மனநல டாக்டர் எங்க இருக்காரு, எந்த கிழமை இருக்காரு, அக்கா ஒரு நாள் சம்பளத்த விடணுமான்னு எல்லா கேள்வியும் அப்படியேதான் நிக்கும். சட்டத்த பத்தி சண்டை போடற ரெண்டு பக்கமும் தாலுகா ஆஸ்பத்திரில ஒரு போதை சிகிச்சை ஓபி வேணும்னு சேர்ந்து கேட்டிருந்தா இந்நேரம் வந்திருக்கும்னு எனக்கு தோணும்.

இப்ப உங்க வீட்டுக்கு. தம்பிகிட்ட பேச அவன் தெளிவா இருக்கற நேரமா பாருங்க, ஞாயித்துக்கிழமை காலைல சாப்ட்டு முடிச்சதும் மாதிரி, ராத்திரி லேட்டா வந்தப்போ வாசல்ல நிறுத்தி கேக்காதீங்க. மாமா அப்ப இருக்க வேணாம். கஞ்சா நல்லதா கெட்டதான்னு விவாதத்துல இறங்காதீங்க, அதுல அவன் ஜெயிப்பான், யூடியூப்ல எல்லாம் பாத்து வெச்சிருப்பான். "எத்தன நாளா, வாரத்துக்கு எத்தன தடவ, மாத்திரை யாரு குடுத்தா, ஊசி போட்டிருக்கியா, போடலன்னா தூக்கம் வருதா"ன்னு மட்டும் கேளுங்க, பதில் சொல்றப்போ குறுக்க பேசாதீங்க. எதுக்கு ஆரம்பிச்சான்னும் கேளுங்க, நிறைய பசங்க அரியர் பயத்துலயும் தூக்கம் வராமயும்தான் ஆரம்பிக்கறாங்க, சந்தோஷத்துக்கு ஆரம்பிச்சவன் கம்மி. ஃபீஸ் கட்ட மாட்டேன்னு மிரட்டாதீங்க, காலேஜ் நின்னா அவனுக்கு நாள் முழுக்க அந்த ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் மிச்சம் இருப்பாங்க, ஆனா கைல ரொக்கமா குடுக்கறத நிறுத்துங்க, ஃபீஸும் பஸ் பாஸும் நீங்களே நேரா கட்டிடுங்க. அந்த பொட்டலத்த வீட்ல வெச்சிக்காதீங்க, உங்க பீரோல இருந்தா சட்டத்துக்கு அது உங்க கைல இருந்த மாதிரிதான்.

ஆஸ்பத்திரின்னா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரில மனநல பிரிவு இருக்கு, பாகாயத்துல சிஎம்சி மனநல மையம் இருக்கு. 64ஏ பாதுகாப்பு பின்னாடி தேவைப்படலாம்னு நினைச்சா அரசு ஆஸ்பத்திரி சீட்டு கைல இருக்கறது நல்லது. நேர்ல போறதுக்கு முன்னாடி பேசிப் பாக்கணும்னா 14416 மனநல உதவிக்கு, 14446 போதைப் பழக்கத்துக்குன்னே, ரெண்டும் இலவசம். டாக்டர்கிட்ட சொன்னா போலீசுக்கு போயிடுமோன்னு தம்பி பயப்படுவான், 2017 மனநலச் சட்டத்துல நோயாளி சொல்றத ரகசியமா வெக்கணும்னு இருக்கு, போதைப் பழக்கத்துக்கு வர்ற சிகிச்சையும் அதுக்குள்ள வரும், இத அவன்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. யாராவது வந்து "நாங்க வண்டில வந்து தூக்கிட்டு போயி மூணு மாசம் வெச்சி திருத்தி அனுப்பறோம்"னு விசிட்டிங் கார்டு குடுத்தா மயங்கிடாதீங்க, மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ண இடமான்னு கேளுங்க, சங்கிலி போடறதும் அடிக்கறதும் எந்த பேர்ல நடந்தாலும் சட்ட விரோதம்.

கஞ்சா மட்டும்தான்னா பெரும்பாலும் அட்மிட் பண்ண வேண்டியதே இருக்காது, நிறுத்தின முதல் ரெண்டு வாரம் தூக்கம் வராது, எரிஞ்சி விழுவான், சாப்பாடு இறங்காது, அது குணம் மாறிட்டதால இல்ல, உடம்புல இருந்து கஞ்சா இறங்கறதால, அந்த நாள்ல அம்மா அவன்கிட்ட வாக்குவாதம் பண்ணாம பாத்துக்கங்க. மாத்திரைன்னா திடீர்னு வீட்லயே நிறுத்த சொல்லாதீங்க, வேதனை தாங்காம மறுநாளே ஓடுவான், அதுக்கு ப்யூப்ரெனார்ஃபின்னு மருந்து இருக்கு, டாக்டர் பாத்து குடுத்தா வழக்கமான வேலைய செஞ்சிக்கிட்டே படிச்சிக்கிட்டே வெளிய வரலாம். கொஞ்ச நாள் நிறுத்திட்டு திரும்ப வழுக்கினா அப்பதான் ரொம்ப ஆபத்து, உடம்புக்கு பழைய தாங்கும் சக்தி போயிருக்கும், அவன் பழைய கணக்குல போடுவான், நல்லா ஆகிட்டு வந்த பசங்க செத்துப் போனது அந்த மாதிரி நேரத்துலதான். திரும்ப போட்டுட்டான்னு தெரிஞ்சா திட்டறத தள்ளி வெச்சிட்டு அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.

முதல் தடவ வர்றப்போ அந்த மாத்திரை அட்டைய கொண்டு வாங்க, பொட்டலத்த கொண்டு வராதீங்க. கம்பெனில லீவு கிடைக்கலன்னா எழுதுங்க, மெடிக்கல் சர்டிபிகேட் வேணும்னா எந்த ஆஸ்பத்திரிலயும் கூட வந்தவங்களுக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்கிக்கலாம், அதுல தம்பி நோய் என்னன்னு எழுத வேண்டிய அவசியம் இல்ல.